பிக்கப் டயருக்கு எவ்வளவு காற்று? ஒரு கேஜ், ஒரு கம்ப்ரஸர், நான்கு சென்சார்கள்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

பிக்கப் வண்டி வைத்திருப்பவர் டயர்க் காற்றைத் தாமே கவனித்துக்கொள்வதற்காக விற்கப்படும் கருவிகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும்: கையில் பிடித்து அளக்கும் கேஜ், வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸர், வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிவிட்டால் காற்றழுத்தத்தைத் திரையில் காட்டும் சென்சார். இம்மூன்றையும் எல்டி வகை (சுமை வண்டிக்கான) டயர் பூட்டிய ஒரு பிக்கப்பில், காலியாக ஓடும்போதும் முழுச் சுமை ஏற்றி ஓடும்போதும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றில் விலை குறைந்தது கேஜ். அதிகம் பயன்பட்டதும் அதுவே. கம்ப்ரஸர் தேவைதான், ஆனால் அதன் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். சென்சார் வேண்டுமா என்பது அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது.

கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, அவற்றைக் கொண்டு எந்த எண்ணை எட்டப் போகிறோம் என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். காரில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. நால்வர் ஏறினாலும் ஒருவர் ஏறினாலும் சக்கரத்தின் மேல் விழும் பாரம் பெரிதாக மாறிவிடாது. பிக்கப்பின் பின் அச்சு அப்படியல்ல. காலியாக இருக்கும்போது வண்டியின் எடையில் பெரும்பங்கை எஞ்சின் இருக்கும் முன்பக்கமே தாங்குகிறது. பின்னால் இருப்பது வெறும் தொட்டி. அதே தொட்டியில் மணலோ மரமோ ஏற்றிவிட்டால், ஏற்றிய எடை ஏறக்குறைய முழுவதும் பின் அச்சின் மேல் இறங்கி, அதன் பாரம் இரு மடங்கை நெருங்கிவிடக்கூடும். டயர் ஒன்றுதான், அது செய்ய வேண்டிய வேலை மட்டும் இரண்டு.

பலரும் தவறிவிடும் இடம் டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண். அது அந்த டயர் தன் உச்சச் சுமையைத் தாங்குவதற்கு வேண்டிய காற்றழுத்தமே தவிர, உங்கள் வண்டிக்கு ஏற்ற அழுத்தம் அன்று. வண்டிக்கான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில், முன்சக்கரத்துக்கு ஒன்றும் பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக இருக்கும். அந்த எண் எந்த அளவு டயருக்குப் பொருந்தும் என்பதும் அதே தாளில் எழுதப்பட்டிருக்கும். சில நிறுவனங்கள் காலி வண்டிக்கும் சுமை வண்டிக்கும் தனித்தனி எண்களைத் தருகின்றன; பல நிறுவனங்கள் முழுச் சுமையைக் கணக்கில் கொண்டு ஒரே எண்ணைத்தான் தருகின்றன. கனரக பிக்கப்பில் முன்னால் 60, பின்னால் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) என்று இருப்பதைப் பார்த்துவிட்டுக் காலி வண்டியை ஓட்டினால், பின்பக்கம் சிறு மேட்டுக்கும் துள்ளும், ஈரச் சாலையில் வளைவில் வழுக்கப் பார்க்கும், டயரின் நடுப்பகுதி ஓரங்களைவிட முந்தித் தேயும். டயரில் குறையில்லை; தாங்க வேண்டிய பாரம் இல்லாமல் அது உருண்டு நிற்கிறது.

வண்டியோடு வந்த டயரை மாற்றியவர்களுக்குக் கணக்கு இன்னும் சிக்கலாகும். பிக்கப்பில் பூட்டப்படும் டயர்களில் கார் வகையைச் சேர்ந்த பி டயரும் உண்டு, சுமை வண்டிக்கான எல்டி டயரும் உண்டு. பி வகைச் சாதாரண டயர் 35 பிஎஸ்ஐயில் தன் உச்சச் சுமையை எட்டிவிடுகிறது. எல்டி வகையில் சி, டி, இ என்று சுமை வரம்புகள் உள்ளன. சி வரம்பு 50 பிஎஸ்ஐயிலும், டி வரம்பு 65 பிஎஸ்ஐயிலும், இ வரம்பு 80 பிஎஸ்ஐயிலும் உச்சத்தை எட்டும். ஒரே 265/70 ஆர்17 அளவில் எல்டி சி வரம்பு டயர் 50 பிஎஸ்ஐயில் 1,120 கிலோவையும், இ வரம்பு டயர் 80 பிஎஸ்ஐயில் 1,450 கிலோவையும் தாங்கும். அதே அளவு பி டயரின் பக்கச்சுவரில் 113 என்ற சுமைக் குறியீடு இருக்குமானால் அது 1,150 கிலோவைக் குறிக்கும். ஆனால் பி டயரைச் சுமை வண்டியில் பூட்டும்போது அந்த எண்ணை 1.1ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி, ஆக எஞ்சுவது 1,045 கிலோ. பி டயருக்குப் பதில் இ வரம்பு எல்டி டயரை மாட்டிவிட்டு, கதவுத் தாளில் இருந்த பழைய 35ஐயே அடிப்பவர்கள் ஏராளம். தடித்த டயர் என்பதால் அது பலமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குப் பி டயரைவிடக் கூடுதல் அழுத்தம் தேவை. பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை டயர் நிறுவனங்கள் வெளியிடும் சுமை–அழுத்த அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். அளவுக்கு அளவு அது மாறுவதால் ஊகத்தில் அடிப்பதற்கு இடமில்லை.

அட்டவணையைப் பயன்படுத்துவதற்கு ஒரே ஒரு தகவல் வேண்டும்: ஒவ்வொரு அச்சின் மேலும் உண்மையில் எவ்வளவு எடை இருக்கிறது. இதற்கு எடைமேடையைத் தவிர வேறு குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் ஏற்றி இன்னொரு முறை எடை போட்டால், இரண்டின் வித்தியாசம் பின் அச்சின் பாரம். காலியாக ஒரு தடவையும் வழக்கமான சுமையோடு ஒரு தடவையும் போட்டுக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு பல ஆண்டுகளுக்கு அந்தக் காகிதமே போதும். எடுத்துக்காட்டாக, சுமையோடு பின் அச்சில் 2,000 கிலோ நின்றால் ஒரு டயரின் பங்கு 1,000 கிலோ. மேலே சொன்ன சி வரம்பு டயர் 50 பிஎஸ்ஐயிலேயே 1,120 கிலோவைத் தாங்குகிறது என்னும்போது, இதற்கு 80 தேவையில்லை என்பது தெளிவு. இடது வலது பக்கங்களில் சுமை சமமாக விழாது என்பதால் பத்து விழுக்காடாவது கூட்டி வைத்துக்கொள்வது நல்லது. இழுவை வண்டியைப் பின்னால் கோக்கிறவர்கள் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் அழுந்துவதையும் மறக்கக் கூடாது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் அந்த எடை பின்பக்கத்தை அமுக்குவதோடு முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கவும் செய்கிறது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: வண்டியோடு வந்த அதே அளவு டயர் என்றால், கதவுத் தாளின் எண்ணுக்குக் கீழே இறங்க வண்டியின் கையேடு வெளிப்படையாக அனுமதிக்க வேண்டும். அதிகக் காற்று சவாரியைக் கெடுக்கும்; குறைந்த காற்று சுமையின் கீழ் டயரின் பக்கச்சுவரை மடக்கி மடக்கிச் சூடேற்றி டயரையே பிரித்துவிடும்.

சுண்ணாம்புக் கட்டியால் டயரின் குறுக்கே கோடு போட்டு, நேர்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டி, கோடு எங்கே அழிகிறது என்று பார்க்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். டயர் தரையில் சீராகப் படிகிறதா என்பதை அது காட்டும், டயர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதைக் காட்டாது. அட்டவணையில் கிடைத்த எண்ணைச் சரிபார்க்க மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

இனிக் கருவிகள். கேஜில் நான் வைத்திருப்பது வட்ட முகப்பும் முள்ளும் கொண்ட, குழாய் நீண்ட, காற்றைக் கசியவிடும் பொத்தான் உள்ள வகை. பேனா வடிவில் கோல் வெளியே தள்ளும் சிறிய கேஜும் மின்னணுக் கேஜும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்தன. முள் கேஜ் வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று, அதன் துல்லியம் முகப்பின் முழு அளவுக்கான விழுக்காடாகவே குறிக்கப்படுகிறது என்பது. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜில் 2 விழுக்காடு பிழை என்றால் அது 3.2 பிஎஸ்ஐ, 35ஐ அளந்தாலும் 80ஐ அளந்தாலும் அதே 3.2 கூடவோ குறையவோ இருக்கலாம். அதே 2 விழுக்காடு, 60 வரை காட்டும் கேஜில் 1.2 பிஎஸ்ஐ மட்டுமே. அதோடு, முள் கேஜின் பொறி முகப்பின் நடுப்பகுதியில்தான் நம்பகமாக வேலை செய்யும்; தொடக்கத்திலும் கடைசியிலும் பிழை கூடும். ஆகவே பி டயர் போட்ட பிக்கப்புக்கு 60 வரை காட்டும் கேஜும், இ வரம்பு டயர் போட்டதற்கு 100 வரை காட்டும் கேஜும் பொருத்தமானவை. எல்லாவற்றுக்கும் ஆகும் என்று 160 வரை உள்ளதை எடுத்துவைத்தால் அது எதற்கும் அவ்வளவு சரியாக ஆகாது. மின்னணுக் கேஜ் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தையும் காட்டுவதால் துல்லியமானது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. திரையில் தெரியும் இலக்கம் வேறு, அளவின் நம்பகம் வேறு; பேட்டரி தளரும்போது நான் ஒப்பிட்ட ஒன்று ஒரே டயரில் வெவ்வேறு எண்களைக் காட்டத் தொடங்கியது.

கேஜிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டே: ஒரே டயரில் அடுத்தடுத்து வைத்தால் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், வால்வில் வைக்கும்போதும் எடுக்கும்போதும் காற்று சீறக் கூடாது. என் முள் கேஜ் முதலாவதில் தேறிவிட்டது. இரண்டாவதில் ஒரு குறை உண்டு. வால்வில் அழுத்திப் பிடிக்கும் அதன் தலை நேராக அமைந்திருப்பதால், பின்சக்கரத்தின் ஆழமான ரிம்முக்குள் கையை நுழைத்துச் சாய்வாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சற்றே விலகினாலும் சீறுகிறது. தலை 45 பாகை திரும்பியிருக்கும் மாதிரியை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது. கசிவுப் பொத்தானின் அருமை சுமையை இறக்கிய மறுநாள் காலையில்தான் தெரிகிறது: முள்ளைப் பார்த்துக்கொண்டே பொத்தானை விட்டு விட்டு அழுத்தி, பின்சக்கரத்தை வேண்டிய எண்ணுக்கு நிதானமாக இறக்கிவிடலாம்.

மறுநாள் காலை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கதவுத் தாளும் அட்டவணையும் சொல்லும் எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கானவை. அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் உயர்வது இயற்கை. 60 பிஎஸ்ஐ இருந்த டயருக்குள் வெப்பம் 25 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐ கூடிவிடும். அந்த நேரத்தில் கேஜை வைத்துப் பார்த்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்குகிறவர், மறுநாள் குறைந்த காற்றோடு சுமை ஏற்றுகிறார். பருவ மாற்றமும் இதைப் போன்றதே. வெளி வெப்பம் 10 பாகை குறைந்தால் 35 பிஎஸ்ஐ டயர் ஏறத்தாழ 1.7ஐயும், 80 பிஎஸ்ஐ டயர் 3.2ஐயும் இழக்கும். அதிக அழுத்தத்தில் ஓடும் வண்டி குளிர்காலத்தில் அடிக்கடி பார்க்கப்பட வேண்டியது இதனால்தான்.

இனிக் கம்ப்ரஸர். காலிக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று என்று காற்றை மாற்றுவதென்றால் ஏற்றுவதற்கு வீட்டிலேயே வழி இருக்க வேண்டும். அதற்காகவே இதை வாங்கினேன். கம்ப்ரஸர் பெட்டிகளில் ‘150 பிஎஸ்ஐ’ என்ற எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தை எட்டும்போது அது தள்ளும் காற்று ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணும், குழாயின் முனையில் எந்த எதிர்ப்பும் இல்லாதபோது எடுக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அது சரிந்துகொண்டே போகும். 265/70 ஆர்17 டயருக்குள் சுமார் 60 முதல் 70 லிட்டர் இடம் இருக்கிறது. அதை 60லிருந்து 80 பிஎஸ்ஐக்கு உயர்த்துவதற்கு வெளிக்காற்று கிட்டத்தட்ட 90 லிட்டர் உள்ளே போக வேண்டும். ஒரு சிறிய கார் டயரை 30லிருந்து 35க்குக் கொண்டுவர அதில் ஏழில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. காருக்கு நல்ல பெயர் வாங்கிய கையடக்கக் கம்ப்ரஸர் பிக்கப்பின் பின்சக்கரத்தில் மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே.

முதலில் நான் பார்த்தது சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை. அந்தத் துளைக்கான ஃபியூஸ் வழக்கமாக 10 முதல் 15 ஆம்பியர்தான் தாங்கும் என்பதால், அதில் ஓடும் எந்த மோட்டாருக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 50 பிஎஸ்ஐக்கு மேல் அது ஓடிக்கொண்டிருந்ததே தவிர முள் நகர்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது. ஒரு டயர் முடிந்ததும் உலோகத் தலை கையில் தொட முடியாத சூட்டுக்கு வந்துவிட்டது. பி டயர் பிக்கப்புக்கு அது போதுமானது, இ வரம்பு டயருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது வைத்திருப்பது பேட்டரியின் முனைகளில் நேராகக் கவ்விப் பிடிக்கும் பெரிய வகை. எஞ்சினை ஓடவிட்டுத்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் காற்று ஏறும், பேட்டரி இறங்கும். இரண்டு பின்சக்கரங்களையும் சுமைக்குரிய எண்ணுக்கு ஏற்றிவிட்டு ஓய்வு கொடுத்தால் சுணக்கமில்லாமல் வேலை செய்கிறது. இது தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம், பிறகு எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண் 150 அன்று, இதுதான்.

இதிலும் குறைகள் உண்டு. பேட்டரி முன்னால், காற்று வேண்டியது பின்னால்; நீண்ட தொட்டி கொண்ட பிக்கப்பில் கம்பியும் குழாயும் சேர்ந்து பின்சக்கரத்தை எட்டுமா என்று அளந்து பார்த்து வாங்க வேண்டும். எனக்கு எட்டுகிறது, ஸ்டெப்னியைத் தொட்டியின் அடியிலிருந்து இறக்காமல் அதை எட்ட முடியவில்லை. குழாயில் பொருத்தியிருக்கும் கேஜ் ஓடும்போது குழாயின் அழுத்தத்தைக் காட்டுகிறது, டயரின் அழுத்தத்தை அன்று. மோட்டாரை நிறுத்தியதும் முள் சட்டென்று சில பிஎஸ்ஐ இறங்குவதைப் பார்க்கலாம். குறித்த எண்ணில் தானே நின்றுவிடும் வசதியுள்ள மாதிரிகளும் இப்படி ஏமாறக் கூடியவை என்பதால், கடைசி எண்ணைத் தனிக் கேஜில்தான் பார்க்கிறேன். வால்வில் திருகும் முனையைக் கழற்றும்போது ஓரிரு சுற்றுக்குக் காற்று சீறிக்கொண்டே இருக்கும். 80 பிஎஸ்ஐயில் அந்தச் சீற்றம் விரலை உதறவைக்கும். நெம்புகோலால் கவ்வும் முனை இதற்கு மேல்.

மணலில் இறங்குவதற்காகக் காற்றைப் பாதி அளவுக்கும் கீழே குறைப்பவர்களுக்குக் கம்ப்ரஸர் இல்லாமல் முடியவே முடியாது. 15 முதல் 20 பிஎஸ்ஐயில் டயரின் தடம் நீண்டு மணலின் மேல் மிதக்க உதவும், ஆனால் அந்த அழுத்தத்தில் சுமையோடு சாலையில் வேகமெடுப்பது டயருக்குச் செய்யும் கொடுமை.

வால்வு மூடிச் சென்சாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டதைத் தொடர்ந்து வந்த சட்டத்தின் விளைவாக, அங்கே 2008 மாதிரி ஆண்டு முதல் இலகு வண்டிகளில் காற்று குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்கும் அமைப்பு கட்டாயமானது. கதவுத் தாளின் எண்ணிலிருந்து 25 விழுக்காடு குறைந்த பிறகு எச்சரிப்பதே அந்த விதி கேட்பது. 35 பிஎஸ்ஐ டயர் 26ஐ நெருங்கும்வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. தனியாக வாங்கிப் பொருத்தும் சென்சாரின் அனுகூலம், அடிப்படை எண்ணை நாமே அமைக்கலாம் என்பது. சுமைக்காக 70க்கு ஏற்றியிருக்கும் நாளில், காலி வண்டிக்கான 45ஐ மாற்ற மறந்துவிட்டால், ஆணி குத்தி 50க்கு இறங்கிய டயரையும் அது நலமாக இருக்கிறது என்றே காட்டும். திரையில் காட்டும் வெப்பநிலையும் வெளிக்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் மூடியுடையது, டயரின் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். பஞ்சரான டயரைக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இழுவை வண்டிக்காரர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தினமும் காலையில் வண்டியைச் சுற்றிவந்து மாதம் ஒரு முறையாவது கேஜ் வைப்பவருக்கு இது அவசியமில்லை.

சென்சார் மாட்டுகிறவர்களும், எல்டி டயருக்கு மாறுகிறவர்களும் வால்வையும் பார்க்க வேண்டும். ரிம்மின் துளையில் இழுத்துப் பொருத்தும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். கார் டயருக்கு மாட்டும் அதே வால்வை இ வரம்பு டயருக்கும் மாட்டி அனுப்பிய ஒரு பணிமனையை எனக்குத் தெரியும். அந்த வால்வின் மேல் சென்சாரின் எடையும் சேர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது வெளிப்புறமாக இழுபடும். 100 பிஎஸ்ஐ வரை தாங்கும் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ மாட்டச் சொல்லிக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது, டயர் மாற்றும்போது அதைச் செய்துகொண்டால் தனியாக டயரைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்டெப்னியைப் பின்சக்கரத்துக்கான உயர்ந்த எண்ணிலேயே வைத்திருங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் கேஜின் பொத்தானால் இறக்கிக்கொள்ளலாம்.